குடும்ப சிகிச்சையில் முதுகலை: எந்தப் படிப்பு, எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி: பீஷான்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியை, நிரந்தரவாசி. இளங்கலை வணிக நிர்வாகத்தில். ஆலோசனைத் துறைக்கு மாறுவதென்று முடிவு செய்துவிட்டேன். தனிமனிதர்களைவிடக் குடும்பங்களோடு வேலை செய்யத்தான் விருப்பம், அதிலும் தமிழ்க் குடும்பங்களோடு. கணவன் மனைவி பிணக்கு, மூன்று தலைமுறை ஒரே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கும்போது வரும் உரசல், பிள்ளை பள்ளிக்குப் போக மறுப்பது, இந்த மாதிரி.

நான்கு வழிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர கவுன்சலிங் முதுகலை. இரண்டு, இங்கே வளாகம் வைத்திருக்கும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம். மூன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் 'மேரேஜ் அண்ட் ஃபேமிலி தெரபி' முதுகலை. நான்கு, இந்தியாவின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.எஸ்சி. கவுன்சலிங் அண்ட் ஃபேமிலி தெரபி. கட்டணம் மற்றவற்றைவிட மிகக் குறைவு.

பட்டத்தின் பெயரில் 'ஃபேமிலி தெரபி' என்று இருப்பது முக்கியமா? முழுநேர வேலையை விடாமல் பிராக்டிகம் (படிப்பில் சேர்ந்த நேரடிப் பயிற்சி) முடிக்க முடியுமா? தமிழில் அமர்வு நடத்தினால் தமிழ் தெரியாத மேற்பார்வையாளர் எப்படி வழிகாட்டுவார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: மேசைவிளக்கு

வணக்கம் சகோதரி. பட்டத்தின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு இங்குள்ள நிலவரத்திலிருந்து தொடங்குங்கள்.

சிங்கப்பூரில் 'கவுன்சலர்', 'ஃபேமிலி தெரபிஸ்ட்' என்று தன்னை அழைத்துக்கொள்ள அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோன்ற சட்டம் இந்தத் தொழிலுக்கு இல்லை. எனவே உங்கள் பட்டத்தை எடைபோடப்போவது இரண்டு தரப்புதான்: வேலை தரும் அமைப்பும், 1982-ல் தொடங்கிய சிங்கப்பூர் கவுன்சலிங் சங்கமும். சுருக்கமாக எஸ்ஏசி என்பார்கள். பதிவுபெற்ற ஆலோசகர்களின் பட்டியலை இந்தச் சங்கம் வைத்திருக்கிறது. தான் ஏற்கும் படிப்புகளின் பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள படிப்பை முடித்தவருக்குப் பதிவு சுலபம். இல்லாத படிப்பை முடித்தவர் பாடத்திட்டம், நேரடி அமர்வு மணிநேரம், மேற்பார்வை மணிநேரம், மேற்பார்வையாளரின் தகுதி என்று ஒவ்வொன்றுக்கும் காகிதம் காட்ட வேண்டியிருக்கும். பட்டம் கையில் வந்த அன்றே பதிவு கிடைத்துவிடாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். படிப்புக்குப் பிறகும் மேற்பார்வையின் கீழ் மணிநேரம் சேர்த்தாக வேண்டும். தற்போதைய எண்ணிக்கையைச் சங்கத்தின் இணையப்பக்கத்திலேயே பாருங்கள். மன்றங்களில் பழைய எண்கள் நிறையச் சுற்றுகின்றன.

இனி நீங்கள் எங்கே வேலை செய்யப்போகிறீர்கள் என்று பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். குடும்பங்களோடு வேலை என்றதும் எல்லோர் மனத்திலும் குடும்பச் சேவை நிலையம்தான் வருகிறது. ஆனால் அந்த நிலையங்களின் முதுகெலும்பு சமூகப் பணியாளர்கள். வீட்டு வாடகை பாக்கி, கடன், வேலை இழப்பு, பிள்ளையின் பாதுகாப்பு எல்லாம் கலந்து வரும் கேஸ்வொர்க் அது. ஆலோசகர்களையும் எடுக்கிறார்கள், ஆனால் இடங்கள் குறைவு. உங்கள் இலக்கு உறுதியாகக் குடும்பச் சேவை நிலையம்தான் என்றால், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் சமூகப்பணி கிராஜுவேட் டிப்ளோமாவையும் கணக்கில் சேருங்கள். வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் சமூகப் பணிக்குள் நுழைவதற்கான வழி அது. குடும்ப சிகிச்சையை அதற்கு மேல் அடுத்த கட்டமாகக் கற்கலாம்.

பள்ளி ஆலோசகர் வேலை கல்வி அமைச்சின் கையில். அமைச்சு தானே ஆள் எடுத்துப் பயிற்சியும் தருகிறது. சொந்தப் பணத்தில் முதுகலை முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். தேசிய கல்விக் கழகத்தின் எம்.ஏ. கவுன்சலிங் அண்ட் கைடன்ஸ் கல்விச்சூழலை நன்றாக அறிந்த படிப்பு, பாலர் கல்வியிலிருந்து வரும் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் பள்ளி ஆலோசகரிடம் வருவது பிள்ளை. பெற்றோரை அறைக்குள் கொண்டுவருவது தனி முயற்சி.

மணமுறிவு, மணவாழ்க்கை தொடர்பான ஆலோசனைக்கு சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் ஆதரவில் இயங்கும் ஃபேம் அட் எஃப்எஸ்சி நிலையங்கள் இருக்கின்றன. நீங்கள் எழுதிய முதல் வகைப் பிரச்சினைக்கு மிக நெருங்கிய இடம் அதுதான். அந்த நிலையங்களின் வேலை விளம்பரங்களில் ஐந்தாறை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'தகுதி' என்ற பத்தியை மட்டும் படியுங்கள். எந்தப் பட்டம் கேட்கிறார்கள், எஸ்ஏசி பதிவு கட்டாயமா, தம்பதியரோடு வேலை செய்த அனுபவம் கேட்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் விளம்பரக் கையேட்டைவிடவும் அந்தக் குறிப்பு உங்களுக்கு உதவும்.

தனியார் கல்வி நிறுவனம் வழியாக வெளிநாட்டுப் பட்டம் படிப்பதாக இருந்தால் ஒரு விஷயம். 2009-ஆம் ஆண்டுத் தனியார் கல்விச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இருக்கிறது, எடுடிரஸ்ட் முத்திரை இருக்கிறது என்று விற்பனை அலுவலர் சொல்வார். அது நிறுவனத்தின் நிர்வாகம், கட்டணப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பட்டத்தை எஸ்ஏசி போன்ற தொழில்முறைச் சங்கம் ஏற்கிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. 'அரசு அங்கீகாரம் உண்டு' என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

---

பதில் 2: அலைவரிசை

மேசைவிளக்கு சொன்னது சரி. நான் பிராக்டிகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் படிப்பின் தரம் அங்கேதான் தெரியும். கோட்பாட்டுப் பாடம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மினுசினின் கட்டமைப்பு அணுகுமுறை, போவனின் ஜீனோகிராம் (தலைமுறைகளின் உறவு வரைபடம்), வர்ஜீனியா சதிர், மிலான் குழு, மைக்கேல் வைட்டின் கதையாடல் சிகிச்சை எல்லாம் எங்கே படித்தாலும் வரும். யார் முன்னால் உட்கார்ந்து, யார் பார்த்துக்கொண்டிருக்க, எத்தனை மணிநேரம் பழகினீர்கள் என்பதில்தான் ஒரு படிப்பு இன்னொன்றிலிருந்து வேறுபடும்.

ஓர் அளவுகோலாக, அமெரிக்காவில் கவுன்சலிங் படிப்புகளை மதிப்பிடும் கேக்ரெப் அமைப்பின் தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிராக்டிகம் 100 மணிநேரம், அதில் 40 நேரடி அமர்வு. அதன்பின் இன்டர்ன்ஷிப் 600 மணிநேரம், அதில் 240 நேரடி அமர்வு. வாரம் சராசரியாக ஒரு மணிநேரம் தனி அல்லது இரு மாணவர் சேர்ந்த மேற்பார்வை, ஒன்றரை மணிநேரம் குழு மேற்பார்வை. இந்த எண்களை நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு படிப்பின் எண்களுக்கும் பக்கத்தில் எழுதிவையுங்கள். குறைவாக இருப்பது தானாகவே குற்றம் ஆகாது. பட்டத்துக்குப் பிறகு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை அது காட்டிவிடும்.

இப்போது கணக்கு. வாரம் 4 அமர்வு போட்டால் நான்கும் நடக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல், அப்பாவுக்கு ஓவர்டைம், கடைசி நிமிடத்தில் ரத்து. சராசரியாக 3 நடந்தால் 100 மணிநேரத்துக்கு 34 வாரம் ஆகும். நடுவில் தீபாவளி, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு என்று நிலையமே வெறிச்சோடும் வாரங்களைக் கழியுங்கள். கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. 'ஒரே செமஸ்டரில் முடித்துவிடலாம்' என்று சொல்லும் படிப்பு, அந்த மணிநேரத்தில் எதையெல்லாம் சேர்க்கிறது என்று கேளுங்கள். ஆவணம் எழுதுவது, தொலைபேசியில் முதல் விசாரணை, வராதவருக்காகக் காத்திருந்த நேரம் ஆகியவை நேரடி அமர்வு அல்ல. ஐந்து பேர் உட்கார்ந்த 90 நிமிடக் குடும்ப அமர்வும் ஒன்றரை மணிநேரம்தான். ஆளுக்கு ஒன்றரை என்று பெருக்க முடியாது.

உங்களைப் போலக் குடும்ப வேலை விரும்புகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: மொத்த மணிநேரத்தில் தம்பதியோ குடும்பமோ ஒன்றாக அறையில் இருந்த மணிநேரம் எவ்வளவு? அமெரிக்காவில் குடும்ப சிகிச்சைப் படிப்புகளை மதிப்பிடும் கோம்ஃப்டி என்ற ஆணையம் இதைத் தனியாகவே எண்ணச் சொல்கிறது. பொதுவான கவுன்சலிங் முதுகலைகளில் இந்தப் பிரிவு இருக்காது. 'ஃபேமிலி கவுன்சலிங்' என்று ஒரு பாடத்தை முடித்துவிட்டு, பிராக்டிகம் முழுவதும் தனிநபர் அமர்வாகவே செய்து பட்டம் வாங்குகிறவர்கள் உண்டு.

ஏன் அப்படி ஆகிறது? குடும்பம் ஒன்றுசேர்ந்து வர முடிவது மாலை 7 மணிக்குப் பிறகும் சனிக்கிழமையும்தான். பல இடங்களில் பயிற்சி மாணவருக்கு அறையும் மேற்பார்வையாளரும் கிடைப்பது வேலைநாள் பகலில். அடுத்து, நிலையம் மாணவருக்குக் கொடுப்பது எளிமையான கேஸ், அது பெரும்பாலும் ஒற்றை ஆள். மூன்றாவது, பள்ளியிலிருந்து பரிந்துரையாகி வரும் பிள்ளையோடு அம்மா மட்டும் வருவார். அப்பாவை அழைத்துவரும் திறமையை யாரும் கற்றுத்தராவிட்டால் அந்தக் கேஸ் தனிநபர் கேஸாகவே முடிந்துவிடும்.

வேலையை விடாமல் செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். பாடங்களை முடிக்கலாம், வகுப்புகள் மாலையில்தான். பிராக்டிகம் மட்டும் முழுநேர வேலையோடு மோதும். வாரத்தில் ஒரு முழுப்பகலும் இரண்டு மாலையும் ஒதுக்க முடியுமா என்று உங்கள் பள்ளி முதல்வரிடம் சேர்வதற்கு முன்பே பேசுங்கள். சம்பளமில்லா விடுப்போ பகுதிநேர ஏற்பாடோ எந்த மாதத்திலிருந்து என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

---

பதில் 3: தெக்கத்திக்காற்று

இன்னொரு கோணம் சொல்கிறேன். முதல் பட்டமாகவே குடும்ப சிகிச்சையை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பொதுக் கவுன்சலிங் முதுகலை முடியுங்கள், எஸ்ஏசி பதிவு வாங்குங்கள், அதற்குப் பிறகு குடும்ப சிகிச்சையில் தனிப் பயிற்சி எடுங்கள். பிரிட்டனில் முறையே அப்படித்தான்: அடிப்படை ஆண்டு, இடைநிலை ஆண்டு, அதன்பின் இரண்டு ஆண்டுத் தகுதிப் படிப்பு, மொத்தம் நான்கு ஆண்டு. ஏற்கெனவே சமூகப் பணி, செவிலியம், கவுன்சலிங் போன்ற துறையில் வேலை செய்தவர்களையே பெரும்பாலும் சேர்ப்பார்கள்.

காரணம் இருக்கிறது. குடும்ப அமர்வில் ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசுவார்கள், ஒருவர் அழுவார், ஒருவர் எழுந்து போவார். தற்கொலை எண்ணம், மனச்சோர்வு, குடிப்பழக்கம், வன்முறை ஆகியவற்றை ஒருவரிடம் தனியாக விசாரித்து மதிப்பிடத் தெரியாதவர் அந்த அறையில் ஆபத்தைத் தவறவிடுவார். முக்கியமாக வன்முறை. வீட்டில் அடி உதை இருக்கும்போது இருவரையும் சேர்த்து உட்கார வைத்து 'மனம் திறந்து பேசுங்கள்' என்றால், அங்கே பேசியதற்காக அன்றிரவு வீட்டில் அடி விழும். முதலில் தனித்தனியாகச் சந்தித்து விசாரிக்க வேண்டும். சேர்த்துச் சந்திப்பது பாதுகாப்பில்லை என்று தெரிந்தால் சேர்க்கவே கூடாது. இதைப் படிப்பில் எந்தப் பாடத்தில், எத்தனை வகுப்பில் கற்றுத்தருகிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

சிங்கப்பூரிலேயே இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு வழி உண்டு. 1966-லிருந்து இயங்கும் கவுன்சலிங் அண்ட் கேர் சென்டர் குடும்ப, சிஸ்டமிக் (ஆளை அவரது உறவுகளோடு சேர்த்துப் பார்க்கும்) சிகிச்சையில் நெடுங்காலமாகப் பயிற்சி தருகிறது. அடுத்த சேர்க்கை எப்போது, என்ன முன்தகுதி என்று அவர்களிடமே கேட்டுவிட்டு உங்கள் ஐந்தாண்டுத் திட்டத்தைப் போடுங்கள்.

---

பதில் 4: அலைவரிசை

தெக்கத்திக்காற்று, வன்முறை பற்றிச் சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வரிசைமுறையில் முழுதாக உடன்பட முடியவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் தனிநபர் அணுகுமுறையில் மட்டும் ஊறியவருக்கு, 'பிரச்சினை இந்தப் பிள்ளைக்குள் இருக்கிறது' என்று பார்க்கும் பழக்கம் கைவசமாகிவிடுகிறது. பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவார். பிள்ளை வீட்டில் இருக்கும் நாள்களில் மட்டும்தான் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவதில்லை என்பதைக் கேட்டறியத் தோன்றாது. பிறகு அதை மாற்றிக்கொள்வது கடினம்.

எனவே நடுவழி. பொதுக் கவுன்சலிங் முதுகலையே எடுங்கள், ஆனால் அதில் தம்பதி, குடும்பப் பாடங்கள் குறைந்தது இரண்டாவது இருக்கட்டும், அந்தப் பாடங்களில் செய்முறை இருக்கட்டும். செய்முறை என்றால் மாணவர்களே குடும்பமாக நடிப்பது மட்டுமல்ல. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலோ வீடியோவிலோ ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்க உண்மையான குடும்பத்தைச் சந்திப்பது, அல்லது அனுபவமுள்ள சிகிச்சையாளரோடு இணைந்து அமர்வது. இது இருக்கிறதா என்று திறந்தநாள் நிகழ்ச்சியில் நேராகக் கேட்கலாம்.

---

பதில் 5: ஆனந்தபவன்_மூலைமேசை

மூன்றாவது, நான்காவது வழிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக.

அமெரிக்க ஆன்லைன் பட்டம்: பாடங்கள் தரமானவையாக இருக்கலாம். ஆனால் அங்கே உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பட்டத்துக்குப் பிறகு அந்த மாநிலத்தின் விதிப்படி மேற்பார்வை மணிநேரம் சேர்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் குடும்ப சிகிச்சையாளர் உரிமத்துக்கு 3,000 மணிநேரம், குறைந்தது 104 வார மேற்பார்வை. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு அதை முடிப்பது மிகக் கடினம். ஆகவே 'அமெரிக்க உரிமத்துக்குத் தகுதி' என்ற வரிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அங்கேயே போய் மாணவர் விசாவில் படித்தாலும், படிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஓபிடி வேலை அனுமதி பொதுவாக 12 மாதம்தான். 104 வாரத்துக்கு அது பாதி.

இங்கே இன்னொரு சிக்கலும் வரும். பிராக்டிகம் இடத்தை நீங்களே தேட வேண்டும். பல்கலைக்கழகம் கேட்கும் தகுதியுள்ள மேற்பார்வையாளர் அங்கே இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். உள்ளூர் நிலையங்கள் தங்களோடு ஏற்கெனவே ஏற்பாடு உள்ள பல்கலைக்கழக மாணவர்களுக்குத்தான் முதலிடம் கொடுக்கும். இடம் கிடைக்காமல் ஓராண்டு பட்டம் தள்ளிப்போவது சகஜம், அந்த ஆண்டுக்கும் பதிவுக் கட்டணம் ஓடும்.

இக்னோ: அதிலும் செய்முறைப் பகுதி உண்டு. இங்கிருந்து சேர்ந்தால் அதை எங்கே, யார் மேற்பார்வையில் செய்வது என்பதுதான் கேள்வி. எஸ்ஏசிக்கு மின்னஞ்சல் எழுதி, 'இந்தப் பட்டம், இந்தப் பாடத்திட்டம், இத்தனை மணிநேரம். பதிவுக்கு ஏற்பீர்களா' என்று கேட்டு, எழுத்தில் பதில் வரும்வரை கட்டணம் கட்டாதீர்கள். கட்டணம் குறைவு என்பது நியாயமான காரணம்தான், பணம் பெரிய விஷயம். ஆனால் பதிவுக்காக உள்ளூரில் மறுபடி படிக்க நேர்ந்தால் இரண்டு செலவும் உங்களுடையது. அறிவுக்காகப் படிப்பதாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

---

பதில் 6: கிளிமஞ்சள்

தமிழில் அமர்வு, தமிழ் தெரியாத மேற்பார்வையாளர். இந்தக் கேள்வியைச் சேர்வதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

பெரும்பாலான படிப்புகள் அமர்வின் ஒலிப்பதிவோ வீடியோவோ கேட்கும். அதில் 10 முதல் 15 நிமிடப் பகுதியை வரிக்கு வரி எழுதி, ஒவ்வொரு தலையீட்டையும் ஏன் செய்தீர்கள் என்று விளக்க வேண்டும். அமர்வு தமிழில் என்றால் மூன்று பத்தியாக எழுதுங்கள்: பேசப்பட்ட தமிழ், ஆங்கில வடிவம், அந்தக் கணத்தில் நீங்கள் நினைத்தது. ஆங்கிலத்தை மெருகேற்றாதீர்கள். பேசியவர் தயங்கினால் தயக்கம் தெரியட்டும், வாக்கியம் பாதியில் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். யார் யாரைப் பார்த்துப் பேசினார், யார் பதில் சொல்வதற்கு முன் யார் முகத்தைப் பார்த்தார் என்று அடைப்புக்குறிக்குள் குறித்துவையுங்கள். மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமனார் பதில் சொன்னார் என்ற விவரம் ஆங்கில வரிகளை மட்டும் படித்தால் காணாமல் போய்விடும். குடும்ப சிகிச்சைக்கு அதுதான் உயிர்நாடி. இப்படித் தயாரிக்க 10 நிமிடப் பதிவுக்கு ஒரு முழு மாலை போய்விடும். அதையும் நேரக் கணக்கில் சேருங்கள்.

அமர்வை ஒலிப்பதிவோ வீடியோவோ செய்யப் பயிற்சி இடம் அனுமதிக்குமா என்பதை முதலிலேயே கேட்க வேண்டும். பள்ளிகளும் மருத்துவமனைகளும் பல நேரம் மறுத்துவிடும். படிப்போ பதிவு கட்டாயம் என்று சொல்லும். இந்த மோதல் நடு செமஸ்டரில்தான் வெளியே வரும். பதிவுக்குப் பதிலாக மேற்பார்வையாளர் நேரில் அமர்ந்து கவனிப்பதைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பதிவு செய்தால், வந்திருக்கும் ஒவ்வொரு பெரியவரின் எழுத்துச் சம்மதமும் தேவை. பெற்றோர் கையெழுத்திட்டாலும் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். கோப்பு எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பது சம்மதப் படிவத்தில் இருக்கட்டும். கைப்பேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் மேற்பார்வையாளருக்கு அனுப்புவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படியும் தொழில் ஒழுக்கப்படியும் வம்பு.

தமிழ் பேசும் மேற்பார்வையாளர் கிடைத்தால் மிக நல்லது. பல்கலைக்கழக மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், பிராக்டிகம் நடக்கும் இடத்தில் தமிழ் தெரிந்த மூத்தவர் ஒருவர் இருந்தால் போதும். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையம் போன்ற இடங்களைக் கேளுங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்கும் ஹெல்த்செர்வும் ஆலோசனைச் சேவை நடத்துகிறது, தமிழ் பேசும் ஊழியர்கள் பலர் அங்கே வருவார்கள். ஆனால் அவர்களின் குடும்பம் ஊரில் இருக்கும், எனவே அங்கே சேரும் மணிநேரம் பெரும்பாலும் தனிநபர் மணிநேரம். அது மதிப்புள்ள வேலை. உங்கள் குடும்ப மணிநேரக் கணக்குக்கு மட்டும் உதவாது.

இன்னொன்று. இங்கே தமிழ்ச் சமூகம் சிறியது. பயிற்சியின்போது வரும் குடும்பத்தை அதே வாரம் கோயிலிலோ, தமிழ்மொழி மாத நிகழ்ச்சியிலோ, உங்கள் பாலர் பள்ளி வாசலிலோ பார்ப்பீர்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் குடும்பங்களை நீங்கள் எடுக்கவே கூடாது. மற்றவர்களிடம் முதல் அமர்விலேயே, 'வெளியில் பார்த்தால் நானாக வந்து பேசமாட்டேன், நீங்கள் பேசினால் வணக்கம் சொல்வேன், அமர்வில் பேசியதை அங்கே எடுக்கமாட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். இரட்டை உறவு பற்றிய பாடம் எல்லாப் படிப்பிலும் உண்டு, ஆனால் பெருநகரத்து எடுத்துக்காட்டுகளோடு கடந்துவிடுவார்கள். சிறிய சமூகத்தில் அதை எப்படிக் கையாள்வது என்று மேற்பார்வையில் நீங்களே எடுத்துப் பேச வேண்டும்.

---

பீஷான்வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆன்லைன் வழியையும் இக்னோவையும் விட்டுவிட்டேன், உள்ளூர்ப் படிப்பா ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் இங்குள்ள வளாகமா என்பது மட்டும் பாக்கி. சேர்க்கைக்கு என்ன பார்ப்பார்கள்? உளவியல் பட்டம் இல்லாதது தடையா? செலவுக்கு ஏதாவது உதவி உண்டா?

---

பதில் 7: மேசைவிளக்கு

கவுன்சலிங் முதுகலைக்கு உளவியல் பட்டம் பொதுவாகக் கட்டாயமில்லை. மருத்துவ உளவியல் முதுகலைக்குத்தான் உளவியல் ஹானர்ஸ் கேட்பார்கள். உங்களிடம் பார்ப்பது மனிதர்களோடு வேலை செய்த அனுபவம், விண்ணப்பக் கட்டுரை, இரண்டு பரிந்துரைகள், நேர்காணல். சில இடங்கள் அடிப்படைப் பாடங்களை முன்கூட்டியே முடிக்கச் சொல்லும்.

கட்டுரையில் 'சிறுவயதிலிருந்தே பிறருக்கு உதவ ஆசை' என்ற வரி வேண்டாம், எல்லோரும் எழுதுவது அது. பாலர் பள்ளியில் ஒரு பிள்ளையின் நடத்தை மாறியபோது வீட்டில் என்ன மாறியது என்பதை எப்படிக் கவனித்தீர்கள், பெற்றோரிடம் அதை எப்படிப் பேசினீர்கள் என்று பெயர், அடையாளம் இல்லாமல் எழுதுங்கள். பரிந்துரை எழுதுபவரில் ஒருவர், நீங்கள் கடினமான உரையாடலைக் கையாள்வதை நேரில் பார்த்தவராக இருக்கட்டும். நேர்காணலில் உங்கள் சொந்தக் குடும்ப அனுபவம் பற்றிக் கேட்கலாம். ரகசியங்களைக் கொட்ட வேண்டியதில்லை. உங்களுக்குள் ஆறாத காயம் இருந்தால் அதை அறிந்து, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

அனுபவம் குறைவு என்று தோன்றினால் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸில் தொண்டூழியராகச் சேரப் பாருங்கள். பயிற்சி கொடுத்துத்தான் தொலைபேசியில் உட்கார வைப்பார்கள். விண்ணப்பத்துக்கு உதவும் என்பதைவிட, ஒருவரின் துயரத்தைக் கேட்டுக்கொண்டு அவசரப்பட்டு அறிவுரை சொல்லாமல் இருக்க உங்களால் முடிகிறதா என்று தெரிந்துவிடும். அது தெரியாமல் பல ஆயிரம் வெள்ளி கட்டக் கூடாது.

பணம்: அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் உதவி எல்லா முதுகலைக்கும் கிடைக்காது, வயதையும் பாடத்தையும் பொறுத்தது. படிப்பின் பக்கத்திலேயே 'நிரந்தரவாசிக்கான நிகரக் கட்டணம்' என்ற வரியைத் தேடுங்கள். குடிமக்களுக்கான எண்ணை உங்களுக்கானதென்று நினைத்துவிடாதீர்கள். சமூக சேவைத் துறை உபகாரச் சம்பளங்களைத் தேசிய சமூக சேவை மன்றம் கையாள்கிறது, யாருக்குத் தகுதி என்று கேளுங்கள், பணிப் பிணைப்பு ஒப்பந்தமும் இருக்கும். அதே மன்றம் வெளியிடும் சம்பள வழிகாட்டியையும் படியுங்கள். படிப்புக்குப் பிறகு கிடைக்கக்கூடிய சம்பளத்தில் கடனை எத்தனை ஆண்டில் அடைக்கலாம் என்று அப்போது தெரியும். பதிவுக்கு முந்தைய காலத்தில் மேற்பார்வைக்குச் சொந்தப் பணம் போகக்கூடும். வேலை தரும் நிலையம் மேற்பார்வையைத் தானே கொடுக்கிறதா என்று வேலை நேர்காணலில் கேட்க வேண்டும்.

---

பதில் 8: அலைவரிசை

இரண்டில் ஒன்று என்று வந்துவிட்டீர்கள் என்றால் இரு இடத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். அதில் இவற்றைக் கேளுங்கள். இந்தப் படிப்பு, இங்கே நடத்தப்படும் வடிவத்தில், எஸ்ஏசி பட்டியலில் இருக்கிறதா? ஆஸ்திரேலியாவில் அதே பட்டத்துக்கு இருக்கும் தொழில்முறைச் சங்க அங்கீகாரம் சிங்கப்பூர் வளாகத்தில் படித்தவருக்கும் பொருந்துமா? பிராக்டிகம் இடத்தைப் பல்கலைக்கழகம் கண்டுபிடிக்குமா, மாணவரா? கடந்த சேர்க்கையில் எத்தனை பேர் குறித்த காலத்தில் பிராக்டிகம் முடித்தார்கள்? ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்? மாலை, சனிக்கிழமை இடங்கள் உண்டா? மேற்பார்வையாளர் நடுவில் வேலை மாறினால் அதுவரை சேர்த்த மணிநேரம் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். கையெழுத்தில்லாத மணிநேரம் இல்லாத மணிநேரம். வாரத்துக்கு ஒரு பக்கம் போதும்: தேதி, அமர்வின் வகை, நிமிடம், மேற்பார்வை நிமிடம், மேற்பார்வையாளரின் கையெழுத்து, பதிவு எண். கிளையண்ட் பெயர் அதில் வரக்கூடாது, நிலையத்தின் குறியீடு மட்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கையெழுத்து வாங்கி, நகலை ஸ்கேன் செய்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிவில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டவர்கள், ஆள் வேலை மாறிப்போனபின் மாதக்கணக்கில் அலைகிறார்கள். தனிநபர், தம்பதி, குடும்பம் என்று முதல் நாளிலிருந்தே தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். பின்னால் தெக்கத்திக்காற்று சொன்ன குடும்ப சிகிச்சைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்போவது தம்பதி, குடும்பம் என்ற இரண்டு பத்திகளின் கூட்டுத்தொகையைத்தான்.